மார்கரெட்டும் முத்தும்: ஒரு பெண்பெயரின் வரலாறு

பினாங்குத் தமிழ்க் குடும்பங்களில் மார்கரெட், ரீட்டா என்னும் பெயர்கள் புதியவை அல்ல. அப்பெயர் தாங்கிய மாணவி ஒருத்தி என்னிடம் ஒருமுறை, "மார்கரெட் என்பது மரகதத்தின் திரிபுதானே, ஐயா? என் பெயர் தமிழ்ப்பெயரே அன்று என்கிறார்கள்" என்றாள். அவள் குரலில் வருத்தம் இருந்தது.

ஒலியொப்புமை மட்டும் சொல்லுறவுக்குச் சான்றாகாது. பழைய வடிவங்களைப் படிப்படியாகப் பின்தொடர்தல் வேண்டும். ஆங்கில மார்கரெட்டுக்கு முந்தையது பிரெஞ்சு வடிவம். அதற்கு முந்தையது இலத்தீன் 'மார்கரீட்டா'. அதன் மூலம் கிரேக்க 'மார்கரீட்டேஸ்'. பொருள், முத்து. அந்தியோக்கியாவின் புனித மார்கரெட்டின் மீதிருந்த பக்தியால் இப்பெயர் ஐரோப்பாவெங்கும் பரவியது. இத்தாலிய 'மார்கெரிட்டா'வின் ஈற்றுப் பகுதியே ரீட்டா. கிரேக்கச் சொல்லும் ஈரானிய மொழிகளின் வழியே கிழக்கிலிருந்து சென்றது என்பர். பாரசீகத்தில் முத்து 'மொர்வாரீத்' எனப்படுகிறது.

மரகதமோ பச்சை மணி. வடமொழி வழித் தமிழுக்கு வந்த அச்சொல்லுக்குக் கிரேக்கத்தில் உறவாவது 'ஸ்மாரக்டோஸ்'. எஸ்மெரால்டா என்னும் பெண்பெயர் அதன் வழிவந்தது. ஆகவே மரகதத்தின் உறவினள் எஸ்மெரால்டாவே, மார்கரெட் அல்லள்.

அவ்வாறாயின் இப்பெயருக்கும் தமிழருக்கும் தொடர்பே இல்லையா? சொல்வழி இல்லை, பொருள்வழி உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டின் 'பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்கக் கடல்வழி நூல், பாண்டியநாட்டுக் கொற்கையைக் 'கொல்கோய்' எனக் குறித்து, அங்கு நடந்த முத்துக்குளிப்பைக் கூறுகிறது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அர்ரியன் எழுதிய 'இந்திகா', ஹெராக்ளிஸ் தன் மகள் பண்டையாவை அணிசெய்ய இந்தியாவுக்கு முத்துகளைத் திரட்டிய கதையைச் சொல்கிறது. பண்டையா என்னும் பெயரில் பாண்டியநாட்டின் நினைவைக் காண்பர் அறிஞர். கிரேக்கர் 'மார்கரீட்டேஸ்' என்று அழைத்த பொருள், நம் கடலிலும் விளைந்தது.

எனவே அம்மாணவியிடம், "உன் பெயர் தமிழ்ச்சொல் அன்று, ஆயினும் முத்தம்மாளும் முத்துலட்சுமியும் பொருளால் உன் உடன்பிறந்தோர்" என்றேன். நாம் வாழும் பினாங்கையே மலாய் மொழியில் 'பூலாவ் முத்தியாரா', முத்துத் தீவு, என்கிறோம். அந்த முத்தியாராவும் முத்துக்கு உறவான சொல்லே.

ஆசிரியர்களே, ஒரு பெயரை அயற்பெயர் என்று ஒதுக்குவதும் பிழை. பொய்வேர் காட்டித் தமிழாக்குவதும் பிழை. அதன் உண்மை வரலாற்றைச் சொல்லுங்கள். பிள்ளைகள் தலைநிமிர அதுவே போதும்.