ஏர்கோன் எண்ணெயில் ஏமாறலாமா?

என்னிடம் படித்த பையன் ஒருவன் பழைய டொயோட்டா பிரியுஸ் வாங்கியிருக்கிறான். "ஐயா, ஏர்கோன் குளிரவில்லை, பட்டறையில் எண்ணெய் ஊற்றட்டுமா?" என்றான். எந்த எண்ணெய் என்று கேட்டேன், விழித்தான்.

சாதாரணக் காரில் இஞ்சின் பெல்ட்தான் கம்ப்ரஸரைச் சுழற்றும். அதற்குப் பெரும்பாலும் 'பேக்' எண்ணெய். 2009-இல் வந்த பிரியுஸிலோ கம்ப்ரஸருக்குள்ளேயே மின்மோட்டார்! 201.6 வோல்ட் பேட்டரியில் ஓடுகிறது. மோட்டார்க் கம்பிச் சுருளில் எண்ணெய் படுவதால், மின்கசிவைத் தடுக்கும் எஸ்டர் எண்ணெய் வேண்டும். அதன் பெயர் 'என்.டி. ஆயில் 11'. பேக் எண்ணெய் கலந்தால் மின்சாரம் கசியும். எச்சரிக்கை விளக்கு எரியும். கம்ப்ரஸரையே மாற்ற நேரலாம். அது சின்னச் செலவா?

கேஸ் ஏற்றும் குழாயில் முந்தின காரின் எண்ணெய் தங்கியிருக்கும். அதையும் பட்டறைக்காரரிடம் கேளுங்கள். திறந்துவைத்த எண்ணெய் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்; புதிய டப்பாவை உங்கள் எதிரிலேயே திறக்கச் சொல்லுங்கள்.