பெட்ரோல் எங்கிருந்து கசிகிறது?

1950, 1960ஆம் ஆண்டுகளில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பலர் விரும்பி ஓட்டிய மகிழுந்துகளுள் ஒன்று மோரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்ற பொறியாளர் வடிவமைத்த இந்தப் பிரிட்டிஷ் வாகனம் 1948இல் அறிமுகமானது. இன்றும் சிலர் இதைப் பேணிக் காத்து ஓட்டி வருகின்றனர். அவர்கள் அடிக்கடி சந்திக்கும் பழுது, கார்புரேட்டரில் ஏற்படும் பெட்ரோல் கசிவு.

பெட்ரோலையும் காற்றையும் தக்க அளவில் கலந்து இயந்திரத்திற்கு அனுப்பும் கருவியே கார்புரேட்டர். மோரிஸ் மைனரில் அதற்கு நேர் கீழே, சூடான புகையை வெளியேற்றும் இரும்புக் குழாய் உள்ளது. கசியும் பெட்ரோல் அதன்மேல் விழுந்தால் தீப்பற்றக்கூடும். ஆகவே, ‘ஒரு சொட்டுதானே’ என்று விட்டுவிட முடியாது.

கசிவைக் கண்டதும் சிலர் புதிய கார்புரேட்டரைத் தேடுகின்றனர். பெரும்பாலும் அது வீண் செலவு. கார்புரேட்டரின் பக்கவாட்டில் மிதவை அறை என்ற சிறு கிண்ணம் இருக்கிறது. பெட்ரோல் முதலில் அதற்குள்தான் வருகிறது. பெட்ரோல் நிரம்ப நிரம்ப, உள்ளே இருக்கும் மிதவை மேலே எழும். மூடியில் உள்ள சிறிய ஊசியை மேல்நோக்கித் தள்ளும். ஊசி துளையை அடைத்ததும் பெட்ரோல் வருவது நின்றுவிடும். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பந்து மிதந்து குழாயை மூடுகிறதே, அதே முறைதான். ஊசி சரியாக அடைக்காவிட்டால் அறை நிரம்பி வழியும்.

இதைக் கண்டறிய ஓர் எளிய வழி உண்டு. மோரிஸ் மைனரில் பெட்ரோலை அனுப்புவது மின்விசைப் பம்பு. இயந்திரத்தை முடுக்காமல் சாவியை மட்டும் திருப்பினால், பம்பு ‘டிக், டிக்’ என ஒலிக்கும். அறை நிரம்பியதும் ஒலி அடங்க வேண்டும். தொட்டியில் பெட்ரோல் இருந்தும் ஒலி ஓயவில்லை என்றால், பெட்ரோல் எங்கோ வெளியேறுகிறது என ஐயப்படலாம். மூடியை ஒட்டிய வழிகுழாயில் சொட்டினால், குறை ஊசியிலோ மிதவையிலோ இருக்கும். அறையின் அடிப்பகுதி மட்டும் நனைந்திருந்தால், அங்குள்ள ரப்பர் இணைப்பு வெப்பத்தால் இறுகி வெடித்திருக்கலாம்.

பழுதுபார்ப்பவர் முதலில் இயந்திரத்தை ஆறவிட்டு, மின்கலத்தின் இணைப்பைத் துண்டிப்பார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோரமாகத் தேங்கும். அதனால் இந்த வேலையைத் திறந்த வெளியில், தீயணைப்பானை அருகில் வைத்துக்கொண்டு செய்வதே முறை. அனுபவமில்லாத மாணவர்கள் தனியாக முயலக்கூடாது.

மூடியைக் கழற்றியதும் மிதவையைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார்கள். உள்ளே திரவம் குலுங்கினால் மிதவையில் ஓட்டை விழுந்திருக்கிறது. அதை மாற்ற வேண்டும். ஊசியின் முனையில் வளையம்போல் தேய்மானம் தெரிந்தால், ஊசியையும் அது பொருந்தும் துளைப்பகுதியையும் சேர்த்தே மாற்றுவர். சில வேளைகளில், பழைய தொட்டியிலிருந்து வந்த துருத்துகள் ஊசியில் சிக்கியிருக்கும். அறையை மெல்லத் தட்டினால் துகள் நகர்ந்து கசிவு நிற்கும். ஆனால், தொட்டியையும் வடிகட்டியையும் தூய்மை செய்யாதவரை அது மீண்டும் வரும்.

எல்லாவற்றையும் பொருத்திய பின், மின்கலத்தை இணைத்துச் சாவியை மட்டும் திருப்புவார்கள். பம்பின் ஒலி அடங்கிய பிறகும் சில நிமிடங்கள் பொறுத்திருந்து, இணைப்புகளை உலர்ந்த துணியால் தொட்டுப் பார்ப்பார்கள். துணியில் ஈரமில்லை என்றால்தான் இயந்திரத்தை முடுக்குவார்கள்.