குணம் என்று விட்டுவிடலாமா?



"மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறான். காதில் குரல் கேட்பதும் நின்றுவிட்டது. ஆனால் சின்ன விஷயத்துக்கெல்லாம் செத்துப்போகிறேன் என்று மிரட்டுகிறான். சின்ன வயதிலிருந்தே அவன் குணம் அப்படி." மனநோய் உள்ள பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்கிறோம். மிரட்டல் என்று நினைத்துக் கடந்துபோவதுதான் நமக்குப் பயமாக இருக்கிறது.

இல்லாத குரல் கேட்பதும், எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்வதாக நம்புவதும் மனச்சிதைவு நோயின் அடையாளங்கள். இந்நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ 100க்கு 5 பேர் தற்கொலையால் இறக்கிறார்கள். நோய் தொடங்கிய முதல் சில ஆண்டுகளிலும், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய முதல் வாரங்களிலும் கூடுதல் கவனம் வேண்டும்.

ஆளுமைக் கோளாறு என்பது வேறு. இளமையிலேயே வேரூன்றிவிடும் போக்கு அது. அதில் பல வகை உண்டு. ஒரு வகையில் நொடியில் பொங்கும் கோபம், நம்மைக் கைவிட்டுவிடுவார்களோ என்ற பயம், தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் பழக்கம் எல்லாம் இருக்கும். இரண்டும் ஒருவரிடம் சேர்ந்தால் ஆபத்து கூடும். குரலை அடக்கும் மாத்திரை மட்டும் இந்தப் போக்கை மாற்றாது. பல மாதங்கள் உட்காரவைத்துப் பேசும் சிகிச்சையும் வேண்டும். ஆகவே டாக்டரிடம் தூக்கத்தைப் பற்றி மட்டும் சொல்லாமல், கோபத்தையும் பழைய காயங்களையும் சொல்லுங்கள். பெண்பிள்ளை என்றால் நிக்காஹ் பேச்சு நின்றுவிடும் என்று மறைக்கிறோம். பிள்ளை உயிரோடு இருந்தால்தானே நிக்காஹ்!

"சாகணும்னு தோணுதா?" என்று நேரடியாகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஈமான் குறைவு என்று கடிந்துகொள்ளாதீர்கள். திராட்சைக்கும் மல்லிகைக்கும் அடிக்கும் மருந்தை வீட்டில் வைக்காமல் வேறிடத்தில் பூட்டி வையுங்கள். மாத்திரை டப்பா ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும்.

சமாளிக்க முடியாமல் கட்டிப்போடுகிறவர்களும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்தவர்கள் ஓட முடியாமல் 28 உயிர்கள் போயின. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே அது கருதுகிறது. போலீசுக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். ஏர்வாடி தர்காவிலேயே இன்று துஆவோடு அரசு மருத்துவமும் கிடைக்கிறது.

திண்டுக்கல் அரசு ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். அவசரத்துக்கு 14416 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். துணைக்கு ஆள் இல்லாத வீட்டார் ஜும்ஆ முடிந்ததும் எங்களிடம் சொல்லுங்கள், கூட வருகிறோம். பெயர் வெளியே போகாது.