விமானத்துக்கு ஒரு சட்டை

மழைக்காலம் வந்தால் நம் வீட்டுக் கதவே ஊறிப்போய் நிலையில் சிக்கிக்கொள்கிறது. அந்தமானின் இந்த ஈரக்காற்றில், மெல்லிய பால்சா மரத்தில் செய்த குட்டி விமானம் என்ன ஆகும்?

ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானத்தைத்தான் சொல்கிறேன். பால்சா ரொம்ப லேசான மரம். பெரும்பாலும் தென் அமெரிக்காவின் எக்குவடோரிலிருந்து வருகிறது. ஈரம் குடித்தால் கனத்துவிடும், வளையும். முன்பெல்லாம் அதன்மேல் பட்டுத்துணியையோ மெல்லிய காகிதத்தையோ ஒட்டி, டோப் என்ற பூச்சைப் பூசுவார்கள். அதுவும் ஈரக்காற்றில் வெள்ளை பூத்துவிடும். நம் தீவுகளுக்குச் சரிப்படுமா?

இப்போது பாலியெஸ்டர் பிலிம் இருக்கிறது. இதில்தான் வேடிக்கை. ஆலையிலேயே இதை இழுத்து நீட்டி, அப்படியே ஆறவிடுகிறார்கள். சூடு பட்டதும் பழைய அளவுக்கே திரும்பப் பார்க்கிறது. சின்ன இஸ்திரிப் பெட்டியால் முதலில் இளஞ்சூட்டில் ஓரங்களை ஒட்டி, பிறகு சூட்டைக் கூட்டினால் போதும். சுருக்கமெல்லாம் மறைந்து, மத்தளத் தோல் மாதிரி விறைத்து நிற்கும். ஒரே பக்கத்தில் அதிகம் சூடு காட்டினால் இறக்கை முறுக்கிக்கொள்ளும், கவனம்!

என்.சி.சி. விமானப் பிரிவுப் பயிற்சியில் மாதிரி விமானம் கட்டுவதும் உண்டு. உங்கள் வீட்டுப் பிள்ளையும் கட்டுகிறதா? மரம் நன்றாகக் காய்ந்த பிறகே பிலிமைப் போர்த்தச் சொல்லுங்கள். அந்தமானின் ஸ்ரீ விஜயபுரத்தில் விமான ஓடுதளம் இருப்பதால், அனுமதி கேட்டுவிட்டே பறக்கவிடுங்கள்.