என்டர் தட்டி பக்கம் ஓட்டாதீங்க!

நாளைக்கு ப்ராஜெக்ட் சப்மிஷன். திருச்சுழியில ராத்திரி பூரா கண் முழிச்சு டைப் பண்ணின ஃபைலோட அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறி, பிரிண்ட் கடையில திறந்தா... தலைப்பு ஒரு பக்கத்தோட அடியில, பாரா அடுத்த பக்கத்துல!

கடைக்காரர் மேல கோபப்படாதீங்க ஃப்ரெண்ட்ஸ். அந்தக் கம்ப்யூட்டர்ல உங்க ஃபான்ட் இல்லாம இருக்கலாம். எழுத்தோட அகலம் கொஞ்சம் மாறினாலும் வரி மாறும். என்டரும் ஸ்பேஸும் தட்டி நகர்த்தினது எல்லாம் சிதறிடும்.

அருப்புக்கோட்டை நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சுலபமா புரியும். சேலைக்குக் கரை எவ்வளவு அகலம்னு பாவு போடும்போதே முடிவாயிடும். பாதி நெய்த பிறகு மாத்த முடியாது. பக்கத்துக்கும் முதல்ல கரை கட்டுங்க.

லேஅவுட் மெனுவுல பேப்பர் சைஸ் ஏ4 (210 x 297 மி.மீ.) தானான்னு பாருங்க. 'லெட்டர்' சைஸ் இதைவிட உயரம் குறைச்சல். பைண்டிங் போடறதால இடது மார்ஜின் கூடுதலா இருக்கட்டும். டிபார்ட்மென்ட்ல சொன்ன அளவையே வைங்க.

அடுத்தது பாரா. முதல் வரியை உள்ளே தள்ள ஸ்பேஸ் பார் வேண்டாம். பாராகிராஃப் பாக்ஸ்ல 'ஃபர்ஸ்ட் லைன்' இருக்கு. பாராக்களுக்கு நடுவுல இடைவெளிக்கு 'ஸ்பேசிங் ஆஃப்டர்'. புது அத்தியாயத்துக்கு கன்ட்ரோல் + என்டர் ஒரு தடவை போதும்.

தலைப்புக்கு வெறும் போல்டு போடாம 'ஹெடிங் 1' ஸ்டைல் கொடுங்க. அது தன் பாராவை விட்டுப் பிரியாது. பொருளடக்கமும் ஒரே க்ளிக்ல தயாராகும்.

தமிழ்ல டைப் பண்றவங்களுக்கு ரெண்டு விஷயம். பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்சா, அந்த ஃபான்ட் இல்லாத இடத்துல எழுத்தே புரியாது. யுனிகோடுக்கு மாறிடுங்க. 'ஜஸ்டிஃபை' கொடுக்கும்போதும் கவனம்! நம்ம வார்த்தைகள் நீளம். ஒரு வார்த்தை வரியில இடம் பத்தாம கீழே இறங்கினா, மேல் வரியில ஓட்டை ஓட்டையா இடைவெளி விழும். இடது பக்கம் சீரா நின்னாலே படிக்க நல்லா இருக்கும்.

உங்க ஃபைல் எப்படி இருக்குன்னு தெரியணுமா? வேர்டுல கன்ட்ரோல் + ஷிஃப்ட் + 8 அழுத்துங்க. ஒவ்வொரு ஸ்பேஸும் புள்ளியா, ஒவ்வொரு என்டரும் ஒரு குறியா தெரியும். புள்ளிகள் வரிசையா நின்னா வேலை பாக்கின்னு அர்த்தம்!

எல்லாம் முடிஞ்சதும் பி.டி.எஃப். ஆக்கி, ஒவ்வொரு பக்கமா பார்த்துட்டு பென் டிரைவ்ல ஏத்துங்க. அப்புறம் எந்தக் கடையில திறந்தாலும் நீங்க வச்ச இடத்துலயே வரி நிற்கும். பஸ் ஏறுங்க... ஆல் த பெஸ்ட்!