வெள்ளையெல்லாம் மாவுப்பூச்சி அல்ல

செம்பருத்தி வளர்ப்பவர்களுக்கு மாவுப்பூச்சியைத் தனியாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கொழுந்து சுருண்டுவிடும், மொட்டு விரியாமலே உதிரும், கணுக்களில் பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல் வெள்ளைத் திட்டுகள் தெரியும். செடியில் எறும்பு சாரைசாரையாக ஏறுகிறதா என்று முதலில் பாருங்கள். மாவுப்பூச்சி சாற்றை உறிஞ்சிவிட்டு, மிஞ்சும் சர்க்கரையைப் பிசுபிசுப்பான கழிவாக வெளியேற்றுகிறது. அதற்காகவே எறும்பு வருகிறது; பூச்சியைத் தின்ன வருபவற்றைக் கடித்து விரட்டவும் செய்கிறது. எறும்பு நக்கியது போக இலையில் தங்கும் கழிவின் மேல் கரும்பூஞ்சாணம் படர்கிறது. வெயில் படாத இலை எப்படிச் செழிக்கும்?

இவற்றில் பெயர்பெற்றது பப்பாளி மாவுப்பூச்சி. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி இது. 2008இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பரவி, வீட்டுச் செம்பருத்தியையும் விடவில்லை. எவ்வளவு மருந்தடித்தும் மீண்டும் மீண்டும் வந்தது. உடல்மேல் மெழுகுப் பூச்சு, முட்டைகள் பஞ்சுப் பைக்குள் என்று இருந்தால் மருந்து எங்கே போய்ச் சேரும்? 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே என்ற மிகச் சிறிய குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது இளம் மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே தின்று முடிக்க, பூச்சி வெறும் கூடாக இறுகிப்போகும். மருந்தால் ஆகாததைக் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு குளவி செய்து முடித்தது.

வீட்டுத் தோட்டத்தில் நாம் கெடுத்துக்கொள்வது இங்கேதான். வெள்ளையாகத் தெரிவதையெல்லாம் நசுக்கிவிடுகிறோம். கூட்டத்துக்கு நடுவே மற்றவற்றைவிட மூன்று நான்கு மடங்கு பெரிதாக, நீண்ட மெழுகு இழைகள் சடைபோல் தொங்க ஒன்று நடமாடினால், அதை விட்டுவிடுங்கள். அது கிரிப்டோலீமஸ் என்னும் பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சிதான் அதற்குச் சாப்பாடு. ஸ்பால்ஜிஸ் என்ற சிறு வண்ணத்துப்பூச்சியின் புழுவும் மாவுப்பூச்சியைத் தின்று, அதன் மெழுகையே மேலே பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இலையில் அச்சு அசல் குரங்கு முகம்போல் ஒரு கூட்டுப்புழு ஒட்டியிருந்தால் இந்த ஆள்தான்.

இவை இருக்கும் செடிக்கு எந்த மருந்தும் வேண்டாம். இல்லாவிட்டால், சுருண்ட நுனிகளை நறுக்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். செடிக்கு அடியிலேயே போட்டால் குஞ்சுகள் திரும்ப ஏறிவிடும். மற்ற கிளைகளில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள். எறும்பு ஏறாமல் இருக்க அடித்தண்டைச் சுற்றித் துணி கட்டி, அதன்மேல் கிரீஸ் தடவலாம். பக்கத்துச் செடியையோ சுவரையோ தொடும் கிளையையும் வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் எறும்பு அந்த வழியாக வந்துவிடும். அதற்கும் அடங்காவிட்டால் லிட்டர் தண்ணீருக்கு 10 முதல் 20 மில்லி வேப்பெண்ணெய், அது தண்ணீரோடு கலக்கக் கொஞ்சம் சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கமும் கணுக்களும் நனையும்படி தெளிக்க வேண்டும். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும். பஞ்சுப் பைக்குள் இருக்கும் முட்டைகள் தப்பிவிடும் என்பதால், பத்து நாள் கழித்து இன்னொரு முறையும் தெளித்துவிடுங்கள்.