குதிரைக்கு முன் கடிவாளம்

பழைய மசில் காரை வாங்கிய அமெரிக்கர் முதலில் காசைக் கொட்டுவது எஞ்சினில்தான். கையில் அளவாகப் பணம் உள்ளவர் செய்யும் முதல் தப்பும் அதுவே. 1965, 66-ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங்கை எடுத்துக்கொள்வோம். (அது மசில் கார் அல்ல, ‘போனி கார்’ என்று சண்டைக்கு வருவோர் உண்டு, வரட்டும்.) அதன் 289 கன அங்குல வி8 எஞ்சினின் ஒரு வகைக்கு 225 குதிரைத்திறன் என்றது விளம்பரம். ஏர் ஃபில்டர், சைலன்சர் போன்ற சுமைகள் இல்லாமல் அளந்த கணக்கு அது. நிஜத்தில் குறைவுதான். ஆனாலும் அவ்வளவு எடை இல்லாத அந்தக் காருக்கு அது தாராளம். போதாதது மற்றதெல்லாம். பெரும்பாலான வண்டிகளில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், பயஸ் பிளை டயர், ஒரே அறை கொண்ட மாஸ்டர் சிலிண்டர். ஏதாவது ஒரு குழாய் ஒழுகினாலும் மொத்த பிரேக்கும் போச்சு. இரண்டு அறை சிலிண்டர் 1967-ல்தான் வந்தது.

மணிக்கு 60 மைலில் போகிற வண்டியை 80-க்குக் கொண்டுபோனால், அதை நிறுத்த பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட 1.8 மடங்காகிறது. சூடேறிய டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். பெடல் கீழே போய்க்கொண்டே இருக்கும். ஆகவே முதல் செலவு முன்சக்கர டிஸ்க் பிரேக், இரட்டை மாஸ்டர் சிலிண்டர், நல்ல ரேடியல் டயர். புது கிட் கட்டுப்படியாகாதவர்கள் 1975 முதல் 80 வரை வந்த ஃபோர்டு கிரனடாவின் டிஸ்க்குகளைக் காயலான் கடையில் தேடிக் கழற்றி மாட்டுவது பழைய வழக்கம்.

அடுத்தது, ஏறக்குறைய இலவசம். முன்சக்கர சஸ்பென்ஷனின் மேல் கைகளைத் தாங்கும் இரண்டு போல்ட் துளைகளை ஓர் அங்குலம் கீழே இறக்குவது. ஃபோர்டு பொறியாளர் கிளாஸ் ஆர்னிங்கின் யோசனை இது. 1965 ஷெல்பி ஜிடி350 காரில் இடம்பெற்றதால் ‘ஷெல்பி டிராப்’ என்று பெயர் நிலைத்துவிட்டது. பழைய அமைப்பில் திருப்பத்தில் வண்டி சாய்ந்தால் வெளிப்பக்கச் சக்கரமும் கூடவே வெளியே சாயும். டயரின் ஓரம்தான் சாலையைத் தொடும். துளை இறங்கியதும் டயர் நிமிர்ந்து முழு அகலத்தில் பிடிக்கிறது. அட்டையில் வெட்டிய ஒரு அச்சு, டிரில், ஒரு சனிக்கிழமை போதும். ஆனால் காயில் ஸ்பிரிங் அந்தக் கையின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஸ்பிரிங் கம்பிரஸரால் அதை இறுக்கிக் கட்டாமல் போல்ட்டில் ஸ்பேனர் வைப்பது உயிரோடு விளையாட்டு.

வேகம் எங்கே என்று கேட்பவருக்குப் பின் அச்சில் பதில் இருக்கிறது. 2.80 விகித கியருக்குப் பதில் 3.55 போட்டால், அதே எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றும் விசை 27 சதவீதம் கூடும். நெடுஞ்சாலையில் எஞ்சின் அதே அளவு வேகமாகக் கத்தும் என்பது விலை.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. பழைய செவர்லே டிரக்குகளில் வந்த 5.3 லிட்டர் எல்எஸ் எஞ்சின் காயலான் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே, அதை ஏன் மாட்டக்கூடாது? எஞ்சின் மலிவுதான். அதோடு வரும் கம்ப்யூட்டர், வயரிங், பெட்ரோல் பம்ப், ரேடியேட்டர், கியர்பாக்ஸ் பொருத்தும் வேலை எல்லாம் சேரும்போது பட்ஜெட் கிழிந்துவிடும். சக்தி வேண்டுமென்றால் 1990-களின் கடைசியில் வந்த ஃபோர்டு எக்ஸ்புளோரர் 5.0-வின் சிலிண்டர் ஹெட்டை மாட்டலாம், அதே 289 குடும்பம்தான். ஆனால் ஜிடி40பி வகையில் ஸ்பார்க் பிளக் கோணம் மாறியிருப்பதால் சாதாரண ஹெடர் குழாய் இடிக்கும். ‘ஒரிஜினல் போனால் மதிப்பு போகுமே’ என்பவர்கள் கழற்றியதைப் பெட்டியில் போட்டு வைக்கலாம். பழைய துளைகளும் அப்படியே இருக்கும். அபூர்வ மாடல் வைத்திருப்பவருக்கு மட்டும் என் பதில் வேறு: தொடாதீர்கள்.

மற்றவர்கள் டிரில்லைக் கீழே வைத்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்துவிட்டுச் சாலையில் இறங்குங்கள்.